டிஃபரன்ஷியல் ரிலே வீணாக டிரிப் ஆகிறதா? வடசென்னை ஆலைகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

மணலி, எண்ணூர், திருவொற்றியூர், விச்சூர் பகுதிகளில் உயர் அழுத்த மின்சாரம் வாங்கி, சொந்த டிரான்ஸ்ஃபார்மரில் 11 கேவியாக இறக்கிப் பயன்படுத்தும் ஆலைகளின் பராமரிப்புப் பிரிவினருக்கானது இந்தப் பக்கம். டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகும் கரண்டையும் வெளியே வரும் கரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு வந்தால் பிரேக்கர்களைத் திறக்கச் சொல்வதுதான் டிஃபரன்ஷியல் ரிலே. கணக்கு புரிவதற்காக எல்லாப் பதில்களிலும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்கிறேன்: 10 எம்விஏ, 33/11 கேவி, டெல்டா-ஸ்டார், வெக்டர் குரூப் (இரண்டு பக்கத்துக்கும் இடையிலான கோணத்தைச் சொல்லும் குறியீடு) டிஒய்என்-11. முழு லோடில் 33 கேவி பக்கம் 175 ஆம்பியர், 11 கேவி பக்கம் 525 ஆம்பியர். சிடிக்கள் (கரண்டைக் குறைத்து ரிலேக்குத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்கள்) முறையே 200/1, 600/1. ஆகவே இரண்டு பக்கமும் ரிலேக்கு வந்து சேர்வது 0.875 ஆம்பியர். ரிலே செட்டிங்: பிக்கப் (ரிலே இயங்கத் தொடங்கும் குறைந்தபட்ச வேறுபாடு) 20 சதவீதம், முதல் ஸ்லோப் (கரண்ட் ஏற ஏற அந்த வரம்பு உயரும் விகிதம்) 30 சதவீதம்.

டிரிப் ஆகிவிட்டது. உற்பத்தி நிற்கிறது. ரீசெட் செய்து ஒருமுறை சார்ஜ் செய்து பார்க்கலாமா?

கூடாது. ஃபீடரின் ஓவர்கரண்ட் ரிலேக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். டிஃபரன்ஷியல் இயங்கியது என்றால் இரண்டு பக்கத்து சிடிக்களுக்கு நடுவில் பழுது என்று ரிலே சொல்கிறது. அது பொய் என்று நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. புக்கோல்ஸ் ரிலேயில் (உள்பழுதால் எண்ணெயில் எழும் வாயுவைப் பிடிப்பது) வாயு சேர்ந்திருக்கிறதா, பிரஷர் ரிலீஃப் இயங்கியிருக்கிறதா, எண்ணெய் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். லைன் கிளியர் வாங்கி, மெகர் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ்), ரேஷியோ, மேக்னடைசிங் கரண்ட் ஆகியவற்றை அளந்து, பழைய சோதனை அறிக்கையோடு ஒப்பிடுங்கள். எண்ணெயில் கரைந்த வாயுக்களுக்கான பரிசோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்புங்கள். காயிலில் சின்னதாக ஒரு டர்ன் பழுது இருந்து, அதன்மேல் மறுபடி மின்சாரம் ஏற்றினால், பழுதுபார்க்கக்கூடிய டிரான்ஸ்ஃபார்மர் பழைய இரும்புக் கடைக்குப் போகும் நிலைக்கு வந்துவிடும்.

சோதனைகள் எல்லாம் சரி. டிரான்ஸ்ஃபார்மரில் குறை இல்லை. அடுத்து எங்கே தொடங்குவது?

ரிலேயின் நினைவகத்தில். பலரும் செட்டிங் பக்கத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு முன் டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டை (டிரிப் கணத்தில் ரிலே பதிந்த அலைகள்) தரவிறக்கம் செய்து பத்திரப்படுத்துங்கள். சில ரிலேக்களில் இடம் குறைவு. நான்கு முறை போட்டுப் பார்த்தால் பழைய பதிவு அழிந்துவிடும்.

அந்தப் பதிவில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். எந்த ஃபேஸில் டிஃபரன்ஷியல் கரண்ட் வந்தது, அதே கணத்தில் ஒவ்வொரு பக்கத்துக் கரண்டும் எவ்வளவு, அலையின் வடிவம் எப்படி. வடிவமே பாதி விடையைச் சொல்லிவிடும். ஒரு பக்கமாகவே கூம்பிக்கொண்டு, நடுவில் தட்டையான இடைவெளியோடு வந்தால் இன்ரஷ் (சார்ஜ் செய்யும் கணத்தில் கோரைக் காந்தமாக்கப் பாயும் கரண்ட்). நன்றாக ஆரம்பித்த சைன் அலை பாதியில் வெட்டுப்பட்டுச் சரிந்தால் சிடி சாச்சுரேஷன் (சிடியின் கோர் காந்தத்தால் நிறைந்து, சரியான அளவைக் காட்டாமல் போவது). இரண்டு பக்கமும் சுத்தமான சைன் அலை, ஆனால் கழித்தால் மிச்சம் நிற்கிறது என்றால் வயரிங் அல்லது செட்டிங்.

பதிவில் டிஃபரன்ஷியல் எலிமென்ட் இயங்கியதாகவே இல்லை. ஆனால் மாஸ்டர் டிரிப் ரிலே விழுந்து, இரண்டு பிரேக்கரும் திறந்துவிட்டன. இது எப்படி?

அப்படியென்றால் டிஃபரன்ஷியல்மீது பழி போட வேண்டாம். 86 எனப்படும் மாஸ்டர் டிரிப் ரிலேக்குப் பல வாசல்கள் உண்டு: புக்கோல்ஸ், பிரஷர் ரிலீஃப், வைண்டிங் வெப்பநிலை, எண்ணெய் வெப்பநிலை. இந்தத் தொடுமுனைகள் எல்லாம் யார்டில், டிரான்ஸ்ஃபார்மரின் மேலேயே இருக்கின்றன. புக்கோல்ஸின் டெர்மினல் பெட்டியில் கேஸ்கெட் கெட்டு மழைநீர் இறங்கினால் டிரிப் வரும். பேனலில் இருப்பவர் பார்ப்பது 86 விழுந்ததை மட்டும்.

110 வோல்ட் டிசி சப்ளையில் எர்த் லீக்கேஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு முனை எர்த் ஆனாலே பெரும்பாலும் டிரிப் வராது. இரண்டாவது இடத்திலும் எர்த் விழும்போது வரும். ஆனால் யார்டிலிருந்து நீண்ட கண்ட்ரோல் கேபிள் வந்து, மறுமுனையில் மிகக் குறைந்த கரண்டிலேயே இயங்கும் துணை ரிலேயோ பைனரி இன்புட்டோ இருந்தால், கேபிளின் கபாசிட்டன்ஸ் வழியே பாயும் ஒரு சிறு உந்துதல்கூட அதை எழுப்பிவிடும். டிரிப் பாதையில் அதிக பர்டன் உள்ள (இயங்க அதிக மின்திறன் தேவைப்படும்) ரிலே வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். டிசி எர்த் ஃபால்ட் அலாரம் மினுக்கிக்கொண்டிருக்கும்போதே அதை அக்செப்ட் செய்துவிட்டு ஷிஃப்ட் மாறிப்போகும் பழக்கம் நம் பக்கத்தில் அதிகம்.

சார்ஜ் செய்யும் நேரத்தில் மட்டும் டிரிப் ஆகிறது. அதுவும் எப்போதும் இல்லை. மூன்றில் ஒருமுறை டிரிப் ஆகாமல் நிற்கிறது.

இன்ரஷ். சுவிட்ச் போடும் கணத்தில் மின்னழுத்த அலை எந்தப் புள்ளியில் இருந்தது, கோரில் எவ்வளவு காந்தம் மிச்சம் இருந்தது என்ற இரண்டும் சேர்ந்துதான் அதன் அளவைத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் ஒருமுறை வரும், ஒருமுறை வராது. உச்ச அளவு முழு லோடு கரண்டைப்போல எட்டுப் பத்து மடங்குவரை போகலாம். அது முழுவதும் ஒரு பக்கத்து சிடியில் மட்டும் தெரிவதால் ரிலேக்கு உள்பழுது போலவே தோன்றும். வேறுபடுத்திக் காட்டுவது இரண்டாம் ஹார்மோனிக், அதாவது அடிப்படை அலையைப்போல இரட்டை அதிர்வெண் கொண்ட கூறு. பொதுவாக அடிப்படை அலையில் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ரிலே தன்னைத் தடுத்துக்கொள்ளும்.

சிக்கல் எங்கே என்றால், குறைந்த இழப்புள்ள நவீன கோர்களில் ஏதாவது ஒரு ஃபேஸில் இரண்டாம் ஹார்மோனிக் 15-ஐ எட்டாமல் போகலாம். பதிவிலிருந்து ஹார்மோனிக் விகிதத்தை அளந்து, தேவையென்றால் வரம்பை 12 ஆக இறக்கலாம். அல்லது ஒரு ஃபேஸில் ஹார்மோனிக் தெரிந்தால் மூன்று ஃபேஸையும் தடுக்கும் கிராஸ் பிளாக்கிங்கைக் குறுகிய நேரத்துக்கு அனுமதிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு 7, 8 என்று இறக்குவது தவறு. உள்ளே பெரிய பழுது வந்து சிடி சாச்சுரேட் ஆனாலும் ஹார்மோனிக் பிறக்கும். அப்போது ரிலே இயங்க வேண்டிய நேரத்தில் தயங்கி நிற்கும்.

பலர் கவனிக்காத ஒன்று: வருடாந்தர ஷட்டவுனில் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் அளக்க டிசி கரண்ட் செலுத்துகிறோம். அது கோரில் கணிசமான காந்தத்தை விட்டுச்செல்லும். ‘சோதனை எல்லாம் முடித்து ஏற்றினோம், உடனே டிரிப்’ என்று சொல்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாகச் செய்த சோதனை எது என்பதுதான். வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் அளந்தபின் கோரை டீமேக்னடைஸ் செய்துவிட்டு ஏற்றுங்கள்.

இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மரை ஏற்றினால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் முதலாவது டிரிப் ஆகிறது!

இதுவும் இன்ரஷ்தான், அண்டை வீட்டிலிருந்து வருவது. புதிதாக ஏறும் டிரான்ஸ்ஃபார்மரின் கரண்டில் உள்ள டிசி கூறு, பொதுவான சப்ளையின் ரெசிஸ்டன்ஸில் ஓடி, பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் கோரை மெல்ல மெல்ல எதிர்த்திசையில் சாச்சுரேஷனுக்குத் தள்ளும். உடனே வராது, சற்றுத் தாமதித்து வரும். சாதாரண இன்ரஷைவிட நீண்ட நேரம் நீடிக்கும். ஓடும் டிரான்ஸ்ஃபார்மரின் பதிவையும் எடுத்துப் பாருங்கள். புதிதாக ஏற்றியதன் பதிவை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

லோடு இல்லாமல் நன்றாக நிற்கிறது. லோடு ஏற ஏற, ஒரு கட்டத்தில் டிரிப்.

வயரிங் அல்லது செட்டிங்கில் நிரந்தரப் பிழை. புதிதாக நிறுவியவற்றிலும், சிடி மாற்றியவற்றிலும், பேனல் மாற்றியவற்றிலும் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். நல்ல செய்தி என்னவென்றால், இதைக் கண்டுபிடிக்க டிரிப் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பத்து சதவீத லோடு போதும். ரிலேயின் திரையில் டிஃபரன்ஷியல் கரண்டை லோடு கரண்டால் வகுத்துப் பாருங்கள். அந்த விகிதம் குற்றவாளியின் பெயரைச் சொல்லும்.

விகிதம் 2 என்றால், ஒரு பக்கத்து சிடி போலாரிட்டி தலைகீழ். பிக்கப் 20 சதவீதமாக இருக்கும்போது லோடு 10 சதவீதத்தைத் தாண்டியதுமே டிரிப் வரும்.

விகிதம் 1 என்றால் பல சந்தேகங்கள். ஒரு பக்கத்துக் கரண்ட் பூஜ்ஜியமாகக் காட்டினால், சோதனைக்காகப் போட்ட ஷார்ட்டிங் லிங்க்கை யாரோ திறக்காமல் விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்தும் விகிதம் 1 என்றால் 60 டிகிரி கோணப் பிழை: டிஒய்என்-11 டிரான்ஸ்ஃபார்மருக்கு ரிலேயில் டிஒய்என்-1 என்று கொடுத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையில் 11 என்று இருந்தும் இது நடக்கும். சப்ளையின் ஃபேஸ் வரிசை மாறி இணைக்கப்பட்டிருந்தால், 11 நடைமுறையில் 1 ஆகிவிடும்.

விகிதம் 0.52 என்றால் 30 டிகிரி பிழை. ரிலே வெக்டர் குரூப்பைத் திருத்தவே இல்லை என்று பொருள். இது கெட்டிக்காரப் பிழை. லோடு சுமார் 39 சதவீதத்தைத் தொடும்வரை அமைதியாக இருக்கும். பாதி ஆலையை வைத்துச் சோதனை ஓட்டம் முடித்து, ஒப்பந்ததாரர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். முழு உற்பத்தி தொடங்கும் நாளில்தான் வெளியே வரும்.

மூன்று ஃபேஸிலும் விகிதம் வெவ்வேறாக இருந்தால், ஒரே ஒரு சிடி தலைகீழாக இருக்கலாம், அல்லது ஒரு பக்கத்தில் இரண்டு ஃபேஸ் வயர்கள் இடம் மாறியிருக்கலாம். இரண்டு பக்கத்துக் கரண்டுகளின் கோணங்களையும் படமாக வரைந்து பார்ப்பதே இங்கே சுருக்கமான வழி.

பழைய எலெக்ட்ரோமெக்கானிக்கல் ரிலேயை எடுத்துவிட்டு நியூமெரிக்கல் போட்டோம். அன்று முதல் தொல்லை.

11 கேவி பக்கத்து சிடிக்கள் எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்று மார்ஷலிங் பாக்ஸை (யார்டு கேபிள்கள் ஒன்றுசேரும் பெட்டி) திறந்து பாருங்கள். பழைய ரிலேக்குக் கோணத்தைத் திருத்தத் தெரியாது. அதனால் டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்டார் பக்கத்து சிடிக்களை டெல்டாவாகவும், டெல்டா பக்கத்து சிடிக்களை ஸ்டாராகவும் இணைத்துத் திருத்தினார்கள். நியூமெரிக்கல் ரிலே அந்தத் திருத்தத்தைக் கணக்கிலேயே செய்துகொள்ளும். வெளியே டெல்டாவை அப்படியே விட்டுவிட்டு, ரிலேயிலும் டிஒய்என்-11 என்று கொடுத்தால் திருத்தம் இரண்டு முறை நடக்கும். சிடி 600/1 ஆக இருந்தால் 11 கேவி பக்கத்துக் கரண்ட் 1.73 மடங்காகத் தெரியும்; டிஃபரன்ஷியல் விகிதம் 1-ல் வந்து நிற்கும். 600/0.577 என்ற பழைய சிடியாக இருந்தால் அளவு சரியாகத் தெரியும். கோணம் மட்டும் தவறி 0.52 வரும். இரண்டு பக்கமும் ஸ்டார் ஆக்கிவிட்டு, கோணத்தையும் பூஜ்ஜிய வரிசைக் கரண்டை நீக்குவதையும் ரிலேயிடம் விட்டுவிடுங்கள்.

பல ஆண்டுகளாக ஒழுங்காக ஓடியது. இப்போது மழைக்காலத்தில் மட்டும் டிரிப் ஆகிறது.

இது நம் ஊருக்கே உரிய கேள்வி. ஒருபுறம் கடல், ஒருபுறம் எண்ணூர் முகத்துவாரம், காற்றில் உப்பு, அதோடு நிலக்கரித் தூசி. உப்புப் படிந்த டெர்மினல் வெயில் காலத்தில் காய்ந்து கிடக்கும். ஐப்பசி பிறந்து காற்று ஈரமானதும் மேற்பரப்பில் கசிவு தொடங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு, கேபிள் டிரெஞ்சில் தண்ணீர் நின்ற இடங்களில் கண்ட்ரோல் கேபிள்களை முனைக்கு முனை மெகர் செய்யாமல் விட்டிருந்தால், அதை இப்போதாவது செய்யுங்கள்.

முதலில் தேட வேண்டியது இரண்டாவது எர்த். சிடி செகண்டரிக்கு எர்த் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். எங்கோ இன்சுலேஷன் கெட்டு இன்னொரு இடத்திலும் எர்த் ஆகிவிட்டால், சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. ஆனால் ஆலையில் எங்காவது எர்த் ஃபால்ட் வரும்போது, யார்டின் எர்த்துக்கும் கண்ட்ரோல் ரூம் எர்த்துக்கும் இடையே எழும் மின்னழுத்த வேறுபாடு சிடி வயர் வழியே கரண்டைத் தள்ளும். ரிலே அதையும் எண்ணும். சோதனை எளிது. ஷட்டவுனில் ரிலேயைப் பிரித்து வைத்து, அந்த ஒரே எர்த் லிங்க்கைக் கழற்றி, 500 வோல்ட் மெகரால் அளந்தால் மெகா ஓம் வர வேண்டும். பூஜ்ஜியம் வந்தால் இரண்டாவது எர்த் எங்கோ ஒளிந்திருக்கிறது.

அடுத்தது பச்சை பிடித்த டெர்மினல். சிடி லூப்பின் ரெசிஸ்டன்ஸை மூன்று ஃபேஸுக்கும் அளந்து ஒப்பிடுங்கள். 2.5 சதுர மி.மீ. தாமிரக் கம்பி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7.4 ஓம், 100 மீட்டர் தூரத்துக்குப் போகவர 1.5 ஓம் ஆகும். இரண்டு ஃபேஸில் 1.5, மூன்றாவதில் 4 என்றால் அந்த வழியில் ஒரு கெட்ட இணைப்பு இருக்கிறது. ஓடும் லோடில் அது தெரியாது. வெளியே ஷார்ட் சர்க்யூட் வரும்போது அந்த ஒரு சிடி மட்டும் முன்னதாக சாச்சுரேட் ஆகும். இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் விளங்கும்: அந்த 1.5 ஓம், 1 ஆம்பியர் சிடிக்கு 1.5 விஏ பர்டன். 5 ஆம்பியர் சிடிக்கு 37 விஏ. யார்டு தூரமாக இருக்கும் இடத்தில் 5 ஆம்பியர் சிடி கேட்டு வாங்குபவர்களின் மனம் எனக்குப் புரிவதே இல்லை.

மார்ஷலிங் பாக்ஸின் ஸ்பேஸ் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் எம்சிபி ஆஃப் ஆகியிருக்கும்.

ஓர் எச்சரிக்கை: லோடு ஓடும்போது சிடி செகண்டரியைத் திறக்கவே கூடாது. டெஸ்ட் பிளாக்கில் ஷார்ட் செய்த பிறகே எதையும் கழற்ற வேண்டும். திறந்த சிடியின் முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். மனித உயிரும் போகும், சிடியும் போகும்.

வெளியே ஏதோ ஒரு 11 கேவி ஃபீடரில் கேபிள் வெடித்தது. அந்த ஃபீடர் டிரிப் ஆனது சரி. டிரான்ஸ்ஃபார்மர் டிஃபரன்ஷியலும் ஏன் சேர்ந்து விழ வேண்டும்?

சிடி சாச்சுரேஷன். நம் உதாரண டிரான்ஸ்ஃபார்மரின் இம்பீடன்ஸ் சுமார் 8 சதவீதம் என்று கொண்டால், 11 கேவி பஸ்ஸில் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் அதிகபட்சம் 6,500 ஆம்பியர் அளவில், அதாவது முழு லோடைப்போலப் பன்னிரண்டரை மடங்கு. அதோடு டிசி கூறும் சேரும். உற்பத்தி நிலையத்துக்கு அருகில் இருக்கும் இணைப்புகளில் ரெசிஸ்டன்ஸ் குறைவு என்பதால் அந்த டிசி கூறு மெதுவாகத்தான் தேயும். அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் நிலையமும் சேர்ந்து 3,000 மெகாவாட்டுக்கு மேல். அவற்றுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஆலைகள், நகரின் மறுகோடியில் இருப்பவர்கள் எடுத்த சிடி அளவை அப்படியே நகலெடுக்கக் கூடாது. குறிப்பாக 33, 110 கேவி பஸ்பார் டிஃபரன்ஷியலுக்கு.

இரண்டு பக்கத்து சிடிக்களின் நீ-பாயின்ட் வோல்டேஜை (சிடி சாச்சுரேட் ஆகத் தொடங்கும் மின்னழுத்தம்) அளந்து பாருங்கள். நான் அடிக்கடி காண்பது, ரிலேக்குப் போக வேண்டிய பிஎஸ் கிளாஸ் (பாதுகாப்பு ரிலேக்கென்றே செய்யப்பட்ட) கோருக்குப் பதில் மீட்டரிங் கோரை இணைத்திருப்பது. மீட்டரிங் கோர், மீட்டரைக் காப்பாற்ற விரைவாக சாச்சுரேட் ஆகும்படி செய்யப்பட்டது. இரண்டும் ஒரே பெட்டிக்குள், அடுத்தடுத்த டெர்மினல்களில் இருக்கும். சாதாரண லோடில் இரண்டும் ஒரே மாதிரி காட்டும். இவை சரியாக இருந்தால்தான் இரண்டாவது ஸ்லோப்பை உயர்த்துவது பற்றி யோசிக்க வேண்டும்.

டிஃபரன்ஷியல் அமைதியாக இருக்கிறது. ஆனால் வெளி எர்த் ஃபால்ட்டுக்கு ரெஸ்ட்ரிக்டட் எர்த் ஃபால்ட் ரிலே (வைண்டிங்குக்குள் வரும் எர்த் பழுதை மட்டும் பார்க்க வேண்டியது) விழுகிறது.

நியூட்ரல் சிடியின் போலாரிட்டி. சமநிலையான லோடில் நியூட்ரலில் கரண்டே ஓடாது; ஆகவே எத்தனை ஆண்டு லோடில் ஓட்டினாலும் இந்தப் பிழை வெளியே தெரியாது. முதல் வெளி எர்த் ஃபால்ட்தான் காட்டிக்கொடுக்கும். பிரைமரி இன்ஜெக்ஷன் செய்துதான் உறுதிப்படுத்த முடியும். ஹை இம்பீடன்ஸ் வகையாக இருந்தால் ஸ்டெபிலைசிங் ரெசிஸ்டரின் மதிப்பையும் அளந்துவிடுங்கள்.

டேப் சேஞ்சரால் டிரிப் வருமா?

தனியாக வருவது அபூர்வம்; மற்ற பிழைகளோடு சேர்ந்து வரும். இங்கே பரவலாக உள்ள டேப் வரம்பு +5 முதல் −15 சதவீதம். இது சமச்சீரானது இல்லை. நார்மல் டேப்பை வைத்து ரேஷியோ திருத்தம் செய்தால், கடைசி டேப்பில் 17 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வரும். 20 சதவீத பிக்கப்புக்கு மிக அருகில். வரம்பின் நடுவான −5 டேப்பை வைத்துக் கணக்கிட்டால் அதே வேறுபாடு 12-க்குள் அடங்கிவிடும். செலவில்லாத திருத்தம்.

மோட்டார் டிஃபரன்ஷியல் ஸ்டார்ட்டிங்கில் விழுகிறது.

ஆறு மடங்கு ஸ்டார்ட்டிங் கரண்ட், பேனல் பக்கமும் நியூட்ரல் பக்கமும் வேறு வேறு தயாரிப்பு சிடிக்கள், ஒன்றுக்கு நீண்ட கேபிள். இரண்டு பக்கமும் ஒரே வகை சிடி போடுங்கள். புதிதாக வாங்குகிறீர்கள் என்றால், ஒரு ஃபேஸின் இரண்டு முனைகளும் ஒரே வளைய சிடிக்குள் நுழையும் செல்ஃப் பேலன்ஸ் முறையைக் கேளுங்கள். இந்தத் தலைவலியே இராது.

பிக்கப்பை 20-லிருந்து 50 ஆக்கினால் எல்லாம் நின்றுவிடுமே?

நிற்கும், உண்மையான பழுது வரும்போதும் நிற்கும். டர்ன்களுக்கு இடையிலான பழுது தொடக்கத்தில் மிகச் சிறிய கரண்டையே காட்டும். அதைப் பிடிக்கத்தான் இந்த ரிலேயை வாங்கினோம். காரணம் தெரியாமல் செட்டிங்கை உயர்த்துவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரணம் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் உயர்த்தத் தேவையும் இராது.

எல்லாவற்றையும் ஒரே சோதனையில் உறுதிப்படுத்த வழி உண்டா?

எல்லாவற்றையும் முடியாது, பெரும்பகுதியை ஸ்டெபிலிட்டி டெஸ்ட் காட்டிவிடும். 11 கேவி பக்கத்தில் சிடிக்களைத் தாண்டி மூன்று ஃபேஸையும் ஷார்ட் செய்து, 33 கேவி பக்கத்தில், அங்கும் சிடிக்களுக்கு வெளியே, 415 வோல்ட் த்ரீ ஃபேஸ் கொடுங்கள். 8 சதவீத இம்பீடன்ஸுக்கு 33 பக்கம் 27.5 ஆம்பியர், 11 பக்கம் 82.5 ஆம்பியர் ஓடும். 20 கேவிஏ சப்ளை போதும். இரண்டு பக்கத்து செகண்டரியிலும் 137 மில்லி ஆம்பியர் வர வேண்டும்; டிஃபரன்ஷியல் சில மில்லி ஆம்பியருக்குள் அடங்க வேண்டும். பிறகு ஒரு பக்கத்து சிடியை வேண்டுமென்றே தலைகீழாக்கி, அது 275-க்கு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் நீங்கள் பார்த்த ‘சரி’யும் சரியில்லை. அடுத்து, 11 பக்கத்தில் ஒரு ஃபேஸை மட்டும் எர்த்தோடு இணைத்து நியூட்ரல் சிடியையும் சோதித்துவிடலாம். சாச்சுரேஷனும் இன்ரஷும் மட்டும் இந்தச் சோதனையில் பிடிபடாது.

முடிந்ததும் டெஸ்ட் பிளாக்கில் போட்ட ஷார்ட்டிங் லிங்க்குகளை எண்ணிக் கழற்றுங்கள். தலைகீழாக்கிய சிடியைத் திரும்பச் சரியாக இணைத்ததை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திடட்டும். லோடு ஏறியபின் ஒவ்வொரு ஃபேஸின் டிஃபரன்ஷியல் அளவையும், அப்போதைய லோடையும், டேப் எண்ணையும் எழுதிப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.